வரட்டும் பாயின் உப்பு அறை

இந்த உலகத்தில் பிறந்து நாற்பத்தைந்து வயதுவரை எதையும் யாரையும் ‘வேண்டாம்’ என்று சொல்லாத ஒரே ஆத்மா எங்கள் வரட்டும் பாய்தான். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. தவறான எண்ணுக்கு வந்த அழைப்பைக்கூட அவர் துண்டிக்க மாட்டார். ஆம்பூரிலிருந்து ஒருவர் தன் மச்சானைத் திட்டுவதற்காகக் கூப்பிட்டார். எண் மாறிப் பாய் கிடைத்தார். மச்சானைப் பற்றிய மனக்குறையை முக்கால் மணி நேரம் பாயிடமே இறக்கி வைத்தார். அடுத்த வாரத்திலிருந்து மச்சானைத் தேடுவதையே விட்டுவிட்டு நேராகப் பாயைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

தெருநாய் மாடிப்படி ஏறினால் ‘வரட்டும்’. கீழ்க்கடைக்கு வந்த மூட்டையை ஜீப்காரர் எங்கள் வாசலில் இறக்கினால் ‘வரட்டும்’. சொந்தக்காரர்கள் ஒரே மாதத்தில் மூன்று இடத்தில் பெண் பார்த்துவிட்டு வந்து சொன்னபோது மூன்றுக்கும் ‘வரட்டும்’ என்று சொல்லிவிட்டாராம். அவருடைய அம்மா இரண்டு வீட்டுக்கு நடையாய் நடந்து சமாதானம் பேசிய பிறகுதான் ஒரு நிக்காஹ் ஒழுங்காக நடந்தது.

ஜவ்வாது மலையில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வரும். கம்ப்யூட்டர் நனைந்துவிடுமே என்று நான் சாத்த ஓடுவேன். பாய் நாற்காலியில் சாய்ந்தபடி, “இன்னா அவசரம் ரைட்டரே, வரட்டும்” என்பார். மேகம் நிதானமாக உள்ளே வந்து, மேசைமேல் சற்று உட்கார்ந்து, எங்கள் டீயை ஆறவைத்துவிட்டு எதிர் ஜன்னல் வழியாகப் போகும். அதுவரை வெள்ளைக்கு மேலே பாயின் தொப்பி மட்டும் தெரியும். நாங்கள் எல்லோரும் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதை மறந்து உட்கார்ந்திருப்போம். அப்படிப்பட்ட பிற்பகல்களில் வேலை செய்ததாக நான் பொய் சொல்லப்போவதில்லை.

எங்கள் அலுவலகம் புதூர்நாட்டில், சாமையும் தேனும் விற்கும் ஒரு கடைக்கு மேல் மாடியில் இருந்தது. சின்னத் தொண்டு நிறுவனம். தலைமுறை தலைமுறையாக மலையில் உழுது சாப்பிடுகிறவர்கள், இந்த நிலம் எங்களுடையது என்று உரிமைப் பத்திரம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். நட்ட மரம், வெட்டிய கிணறு, புதைத்த இடம், பெரியவர்களின் வாக்குமூலம், எது கிடைத்தாலும் சரி. அந்த ஆதாரங்களை மக்கள் தங்கள் போனிலிருந்தே அனுப்புவதற்கு ஒரு இணையதளம் கட்டுவதுதான் எங்கள் வேலை. எங்களுக்குத் தலைவி, திருப்பத்தூரிலிருந்து தினமும் கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி வரும் மேடம். நிரல் எழுத வாணியம்பாடியிலிருந்து வந்தவர் பாய். திரையில் தமிழ் எழுதுவதற்கு நான்.

பாயின் குடும்பத்துக்கு வாணியம்பாடியில் பச்சைத் தோல் மண்டி. ஆட்டுத்தோல், மாட்டுத்தோல் எல்லாம் லாரியில் வந்து இறங்கும் இடம். பாய் அந்த வாசனையிலேயே வளர்ந்து, கம்ப்யூட்டர் படித்து, பெங்களூரில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு மலைக்கு வந்தார். ஆனால் மண்டியை விட்டு அவர் வரவே இல்லை. எந்தக் கோப்பு வந்தாலும் திரைக்கு அருகில் மூக்கைக் கொண்டுபோய் ஒரு இழு இழுப்பார். “இது பலாப்பழத்துக்குப் பக்கத்துல எடுத்த போட்டோ” என்பார். திறந்து பார்த்தால் பலாப்பழம் இருக்கும். எங்கள் மலையில் எந்தப் போட்டோவிலும் பலாப்பழம் இருக்கும் என்பது எனக்கு உறைக்க மூன்று மாதம் ஆயிற்று.

இந்த மாதிரி இணையதளங்களை யாரும் அடிமட்டத்திலிருந்து கட்டுவதில்லை. ஃபிரேம்வொர்க் என்று ஒன்று உண்டு. சுவர், கூரை, கதவு எல்லாம் தயாராகச் செய்து கையில் கொடுத்துவிடுவார்கள். நாம் குடியேறினால் போதும். கோப்பு வாங்கும் கதவும் அதிலேயே இருக்கும். அந்தக் கதவில் ஒரு காவல்காரன் மாதிரி விதிகளை நிறுத்தலாம். படமாக இருந்தால்தான் உள்ளே விடு, இரண்டு எம்.பி.க்கு மேல் இருந்தால் திருப்பி அனுப்பு, பாதியில் நின்றால் தூக்கிப் போடு. பாய் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் செய்த காரியம், அந்தக் காவல்காரனை வீட்டுக்கு அனுப்பியது.

இது தெரியாமல் நான் ஒரு வாரம் உட்கார்ந்து நாற்பது மறுப்புச் செய்திகள் எழுதி வைத்திருந்தேன். ‘தங்கள் கோப்பின் அளவு அனுமதிக்கப்பட்ட வரம்பை மீறுகிறது.’ ‘இந்த வகைக் கோப்பு ஏற்கப்படாது.’ ஒவ்வொன்றிலும் இலக்கணம் பளபளத்தது. பாய் அவற்றை ஒவ்வொன்றாக, சாவு வீட்டுக்கு வந்தவர் முகத்தோடு வாசித்தார்.

“நல்லாத்தான் இருக்குது. ஆனா வூட்டுக்கு வந்தவன்கிட்ட இப்டி சொல்வீங்களா?”

அப்படியானால் வேண்டாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று அவர் வாயிலிருந்து எப்படி வரும்? நாற்பதையும் வாங்கி, உப்பு அறையில் போட்டு வைத்தார்.

உப்பு அறை என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். மண்டியில் லாரி வந்து நின்றால், கொண்டு வந்தவன் முன்னால் ஒரு தோலைக்கூடக் குறை சொல்லித் தள்ள மாட்டார்களாம். கிழிந்ததோ, ஓட்டை விழுந்ததோ, முதலில் எல்லாவற்றையும் இறக்கு, உப்பைப் போடு, அடுக்கி வை. உப்புப் போட்ட தோல் கெடாது. அவன் டீ குடித்துவிட்டுக் கிளம்பிய பிறகு, ஆற அமர உட்கார்ந்து தரம் பிரி. இதுதான் அவர்கள் வழக்கம். பாய் இதை அப்படியே கம்ப்யூட்டருக்குள் கட்டினார். எந்தக் கோப்பு வந்தாலும் முதலில் ‘உப்பு’ என்று பெயரிட்ட இடத்துக்குப் போகும். அதன்பின் அவருடைய நிரல் மெதுவாக வந்து பிரிக்கும்.

பிரிப்பதிலும் ஒரு முறை உண்டு. கோப்பின் பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்து இது படம், இது பாட்டு என்று ஒரு வால் இருக்குமே, அதை அவர் நம்பவே மாட்டார். “வாலப் பாத்து வாங்கினா ஏமாந்துடுவோம் ரைட்டரே. தோலத் தடவிப் பாக்கணும்” என்பார். அவர் நிரல் கோப்பைத் திறந்து முதல் சில எழுத்துகளைத் தடவிப் பார்த்து, உள்ளே இருப்பது உண்மையில் என்ன என்று கண்டுபிடிக்கும். பிரித்த பிறகு அது எங்கே போய்ச் சேரவேண்டும் என்பதும் ஒரே ஒரு வரி. இன்றைக்கு அலுவலகப் பெட்டி, நாளைக்கு வாடகை சர்வர். வரியை மாற்றினால் சரக்கு வேறு ஊருக்குப் போய்விடும். வாசலில் கொடுத்தவருக்கு ஒன்றும் தெரியாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம், துண்டு வாங்குவது. புதூர்நாட்டுக்கு மேலே உள்ள ஊர்களில் சிக்னல் என்பது பாறைமேல் ஏறினால் கிடைக்கிற பொருள். ஆடு ஓட்டிக்கொண்டு ஏறும்போது கொஞ்சம் அனுப்புவார்கள். ஆடு இறங்கினால் அவர்களும் இறங்கிவிடுவார்கள். கோப்பு நடுவழியில் நிற்கும். மற்ற இடமாக இருந்தால் மறுபடி முதலிலிருந்து அனுப்ப வேண்டும். பாயின் கதவு, வந்த துண்டை வைத்துக்கொண்டு மீதிக்காக எத்தனை நாளானாலும் திறந்திருக்கும்.

இப்படி ஒரு வாசல் மலையில் திறந்திருக்கிறது என்று செய்தி பரவியதும் நடந்ததை என்னவென்று சொல்வேன். கல்யாண வீடியோ வந்தது. கன்றுக்குட்டியின் காலில் புண், என்ன மருந்து போடலாம் என்று போட்டோ வந்தது. எட்டு நாள் தொடர்ந்து ஒருவர் காலை வணக்கம் அனுப்பினார். மேல் ஊரிலிருந்து காசியம்மா என்பவர் பலாப்பழம் அறுப்பதை முழுசாக வீடியோ எடுத்து, ‘சாப்பிட வாங்க’ என்ற அழைப்போடு அனுப்பினார். பாய் அத்தனைக்கும் பதில் போட்டார். புண்ணுக்கு மருந்துகூடச் சொன்னார். வாணியம்பாடியில் ஒரு மாட்டு டாக்டரைக் கேட்டுத்தான். காலை வணக்கம் நின்றபோது உடம்புக்கு என்னவோ என்று விசாரிக்க ஜீப் ஏறிப் போய்விட்டார்.

வாடகை சர்வர் நிரம்பியது. மேடம் பெங்களூரிலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்தார். வெள்ளைச் சட்டை போட்ட அந்த இளைஞர் உப்பு அறையைத் திறந்து பார்த்துவிட்டு, கொண்டை ஊசி வளைவில் வராத மயக்கம் இப்போது வந்தவர்போல உட்கார்ந்தார். முடிவடையாத கோப்புகளையெல்லாம் உடனே அழித்துவிட வேண்டும், இனிமேல் படம் மட்டும், இரண்டு எம்.பி. மட்டும் என்று எழுதிக் கொடுத்தார். மேடம் அதில் கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து, உத்தரவாகப் பாய்க்கு அனுப்பினார். நியாயமான உத்தரவுதான். அந்த இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

இரண்டு வாரம் கழித்து, அந்த உத்தரவு என்ன ஆயிற்று என்று மேடம் கேட்டார்.

“வந்துச்சு மேடம். பத்திரமா இருக்குது.”

“எங்க பாய்?”

“உப்புல. இன்னும் தரம் பிரிக்கல.”

 அழிக்கவில்லை என்றால் சர்வரில் இடம் எப்படி வந்தது என்று மேடம் கேட்டார். அப்போதுதான் பாய் அந்த ஒரு வரியை மாற்றிய விஷயம் வெளியே வந்தது. ஜவ்வாது மலை மக்களின் பாதி வந்த கோப்புகளெல்லாம் பத்து நாளாக வாணியம்பாடியில், அவர் குடும்பத்து மண்டியில், உப்பு மூட்டைகளுக்கு நடுவில் இருந்த ஒரு பழைய கம்ப்யூட்டருக்குப் போய்க்கொண்டிருந்தன. மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். ஊரார் கொடுத்த ஆதாரங்களைக் கேட்காமல் கொள்ளாமல் மலையிறக்கியது தப்பு என்று எல்லோர் முன்னாலும் கடுமையாகச் சொன்னார். அந்த வெள்ளிக்கிழமைக்குள் எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவந்து, தேவையில்லாததை அழித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பாய் வாணியம்பாடிக்கே போய்விடலாம் என்றார். பாய் தலையைக் குனிந்துகொண்டு, “சரிங்க” என்றார். அவர் தப்பு செய்தார் என்பதை நானும் மறுக்கமாட்டேன். ஆனால் அன்றைக்கு எனக்கு மேடத்தின்மேல்தான் கோபம் வந்தது.

அந்தத் திங்கட்கிழமைதான் காசியம்மா மாடிப்படி ஏறி வந்தார். பலாப்பழத்துக்கு அழைத்தாரே, அவர்தான். புருஷன் போய்ப் பல வருஷம் ஆகிறது. அவரும் மாமனார் வெள்ளையனும் சேர்ந்து ஒரு துண்டு நிலத்தில் சாமை விதைத்துப் பிழைத்தார்கள். அந்த நிலத்தின் நான்கு எல்லையும் தெரிந்த ஒரே ஆள் வெள்ளையன். அவரிடம் வாக்குமூலம் வாங்க மேடம் மூன்று முறை ஆள் அனுப்பினார். ஒருமுறை நானும் போனேன். அவர் எங்களுக்குப் பலாச்சுளை கொடுத்துவிட்டு மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. மனிதர்களோடு பேசுகிற வழக்கம் அவருக்கு இல்லை என்று காசியம்மா சொன்னார். ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு அவர் போய்விட்டார்.

இப்போது வெள்ளிக்கிழமை நிலத்தைப் பார்க்க அதிகாரி வருகிறார். எல்லை எது என்று காட்ட ஆள் இல்லை. காட்ட முடியாவிட்டால் விண்ணப்பம் நிற்காது, நிலம் போய்விடும். காசியம்மா இதையெல்லாம் சாதாரணக் குரலில்தான் சொன்னார். சேலைத் தலைப்பைச் சுற்றிச் சுற்றி விரலில் இறுக்கிக்கொண்டிருந்ததால்தான் அவருடைய பயம் எங்களுக்குத் தெரிந்தது.

“போன கோடையில ஒண்ணு அனுப்புனேன் பாய். கருப்பா இருந்திச்சே, அது இருக்குதா?”

அவர் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வாங்கிய மாட்டை நேராகக் கொண்டுவந்து கட்ட மாட்டார்கள். முதலில் நிலத்தின் எல்லையைச் சுற்றி நடத்திக் காட்டி, இதுவரைதான் நம்முடையது என்று சொன்ன பிறகே கட்டுவார்கள். கோடையில் செவலை என்று ஒரு காளை வாங்கினார்கள். வெள்ளையன் அதைப் பிடித்துக்கொண்டு எல்லை சுற்றக் கிளம்பினார். நிலத்தை வீடியோ எடுத்து அனுப்புங்கள் என்று நாங்கள் சொல்லியிருந்தோமே என்று காசியம்மாவும் போனோடு பின்னால் போனார். ஆனால் கையில் ஒரு ஆட்டுக்குட்டி. போனைப் பிடித்தால் குட்டி ஓடிவிடும். குட்டியைப் பிடித்தால் போன் விழுந்துவிடும். ஓடுகிற வீடியோவை அப்படியே இடுப்பில் செருகிக்கொண்டார். குட்டியோடு மல்லுக்கட்டியதில், மாமனார் எங்கே திரும்பினார், காளையிடம் என்ன சொன்னார் என்பது எதுவும் அவர் மனதில் ஏறவில்லை. திரை முழுக்கக் கருப்பு. முக்கால் மணி நேரம்.

வீணாய்ப் போயிற்று என்று நினைத்தாலும் அனுப்பி வைத்தார், பாய் எதையும் வாங்கிக்கொள்வார் என்பதால். பாறைமேல் ஆடு ஏறிய நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக அது வந்தது. கடைசித் துண்டு வருவதற்குள் செவலை போனை மிதித்துவிட்டது.

பாய் கம்ப்யூட்டரைப் பார்க்கவே இல்லை. ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்.

“இருக்குது யக்கா. பத்துல ஒம்போது துண்டு இருக்குது.”

இருந்தது. ஆனால் மண்டியிலிருந்து வரவழைத்துப் பார்த்தபோது திறக்கவில்லை. போன் வீடியோ எடுக்கும்போது எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைக் கடைசியில்தான் எழுதுமாம். கடைசித் துண்டு வராததால் அட்டவணையும் இல்லை. ஒன்பது துண்டும் சேர்ந்து ஒரு பூட்டிய பெட்டி. இதைக் கேட்டதும் காசியம்மா எழுந்து ஜீப்புக்குப் போனார். படியில் இறங்கும்போது நாயைத் தாண்டாமல் அது எழுந்து வழிவிடும்வரை நின்றார். அவ்வளவு நேரம் நின்றதை நான் மறக்கவில்லை.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் பாய் சாப்பிட எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் வைத்த சோற்றை நாய்தான் சாப்பிட்டது. புதன் பிற்பகல் திடீரென்று, “பலாப்பழம்” என்றார். பசியில் பிதற்றுகிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னது காசியம்மா அனுப்பிய அந்தப் பலாப்பழ வீடியோவை. அதுவும் அதே போனில் எடுத்தது, அது முழுசாக வந்தது, அதில் அட்டவணை இருக்கிறது. ஒரு போன் எப்படி எழுதும் என்று ஒரு வீடியோவில் தெரிந்துகொண்டால், அதே போன் எழுதிய இன்னொன்றைப் படித்துவிடலாம். ஒரே மாட்டின் தோல், வலப்பக்கத்தைப் பார்த்தால் இடப்பக்கம் தெரியாதா என்று அவர் சொன்னதை நான் அப்போது பாதிதான் புரிந்துகொண்டேன். பெங்களூர் நிபுணரின் விதிப்படி அந்தப் பலாப்பழம் வாசலிலேயே நின்றிருக்கும். கருப்பு வீடியோவும் உள்ளே வந்தே இருக்காது.

வியாழக்கிழமை காலையிலேயே ஜீப்காரரிடம் சொல்லியனுப்பிக் காசியம்மாவை வரவழைத்தோம். மூன்று மணிக்கு மேகம் உள்ளே வந்தது. யாரும் ஜன்னலைச் சாத்தவில்லை. மேடமும் வந்து நின்றார். திரை கருப்பாகவே இருந்தது. முதலில் துணி உரசும் சத்தம், ஆட்டுக்குட்டியின் குரல், காளையின் கழுத்து மணி. பிறகு, எங்களிடம் ஒரு வார்த்தை பேசாத வெள்ளையன் பேச ஆரம்பித்தார்.

“தோ பாரு செவல. இந்தப் புளியமரம் எங்கப்பன் நட்டது. இதுக்கு இந்தாண்டதான் நம்மது. அந்தாண்ட போனா பாரஸ்டுக்காரங்க வருவாங்க, போவாத இன்னா.”

மரம் மரமாக, கல் கல்லாக அவர் காளைக்குச் சொல்லிக்கொண்டே போனார். இங்கே கிணறு தோண்டி இரண்டு பனை ஆழத்தில் பாறை வந்தது. இந்தக் கல்லுக்குக் கீழே என் பெண்டாட்டி இருக்கிறாள், மேலே மிதிக்காமல் சுற்றிப் போ. என் பிள்ளையும் இங்கேதான். அவன் பெண்டாட்டி பின்னால் வருகிறாள் பார், அவள் இல்லாவிட்டால் இந்த நிலம் என்றோ காடாகியிருக்கும். நடுநடுவே காளை மூச்சு விடும். ஆமாம் என்று சொன்னதாக எடுத்துக்கொண்டு அவர் மேலே பேசுவார். வெள்ளைக்குள் உட்கார்ந்து அந்தக் குரலைக் கேட்டபோது நாங்கள் எல்லோரும் அந்த எல்லையில் நடந்துகொண்டிருந்தோம்.

வடக்குப் பக்கம் வந்தபோது ஒரு வாக்கியத்தின் நடுவில் குரல் நின்றது. பத்தாவது துண்டு.

காசியம்மா எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். பிறகு, “இருவத்திரண்டு வருசத்துல என்கிட்ட இவ்ளோ பேசுனதில்ல மாமா” என்றார். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, எதை முதலில் துடைப்பது என்று தெரியாமல் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். மேடம் போய் அவர் தோளில் கை வைத்தார்.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். முன்கோபக்காரர் என்று கேள்விப்பட்டிருந்தோம்; பார்த்தால் மூட்டு வலிக்காரர். வீடியோ என்றதும் கையை நீட்டினார். கருப்புத் திரையைப் பார்த்து, இதில் என்ன தெரிகிறது என்று கேட்டார். கேட்டுக்கொண்டே நடக்கலாம் என்றார் பாய். ஒரு சின்ன ஸ்பீக்கரைக் கையில் பிடித்துக்கொண்டு குரலை ஓடவிட்டார்.

முளையில் கட்டியிருந்த செவலை தலையைத் தூக்கியது. கேட்கிற திசையைத் தேடி இரண்டு காதையும் திருப்பியது. காசியம்மா எங்கள் யாரையும் கேட்காமல் போய்க் கயிற்றை அவிழ்த்துவிட்டார்.

காளை புளியமரத்தை நோக்கி நடந்தது. பாய் ஸ்பீக்கரோடு அதன் பக்கத்தில், அதிகாரி நோட்டோடு பின்னால், நாங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு அவருக்குப் பின்னால். குரல் கல் என்றபோது அங்கே கல் இருந்தது. சுற்றிப் போ என்றபோது காளை சுற்றிப் போயிற்று, அதிகாரியும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு சுற்றிப் போனார். நான் எவ்வளவோ மிகைப்படுத்தி எழுதுகிறவன்தான். இந்த இடத்தில் ஒரு சொல்கூடக் கூட்டவில்லை.

வடக்குப் பக்கம் வந்ததும் குரல் நின்றது. மேகம் இறங்கியிருந்தது; பத்தடிக்கு மேல் தெரியவில்லை. மேடம் பாயைப் பார்த்தார், பாய் தரையைப் பார்த்தார். இன்னும் ஒரு பக்கம் பாக்கி இருக்கிறதே என்றார் அதிகாரி. அதைச் சொல்ல உலகத்தில் யாரும் இல்லை. காசியம்மா நின்ற இடத்திலேயே குந்திவிட்டார்.

செவலை கொஞ்ச நேரம் நின்று அசைபோட்டது. பிறகு, சொல்ல ஆள் இல்லாமலே நடந்தது. வெள்ளைக்குள் மணிச்சத்தம் மட்டும் போயிற்று. நாங்கள் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனோம். ஒரு பலாமரத்தில் திரும்பியது. ஒரு பழைய கல்வரிசையை ஒட்டியே வந்தது, ஒரு இடத்தில்கூடத் தாண்டவில்லை. கடைசியில் தன் முளைக்கு வந்து நின்று, எங்களைத் திரும்பிப் பார்த்தது. அதிகாரி மரத்தையும் கல்வரிசையையும் நோட்டில் எழுதினார். பலாமரத்துக்கும் கல்வரிசைக்கும் அடுத்த நிலத்துக்காரரைக் கூப்பிட்டுச் சாட்சிக் கையெழுத்து வாங்கினார். அப்புறம் பாயிடம், இந்தப் பதிவை எந்த வடிவத்தில் தருவீர்கள் என்று கேட்டார்.

“உங்களுக்கு எது வசதியோ அதுலங்க” என்றார் பாய்.

காசியம்மாவுக்குப் பத்திரம் வந்துவிட்டது. பாய் மண்டியிலிருந்த கோப்புகளையெல்லாம் மலைக்குத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார். அழிக்கச் சொன்ன உத்தரவு இன்னும் உப்பிலேயே இருக்கிறது. அதைப் பிரிக்கும்படி மேடம் மறுபடி கேட்கவில்லை.

நான் அந்த வேலையை விட்டு ஊருக்கு வந்துவிட்டேன். போன மாதம் பாயைப் பார்க்கவென்றே புதூர்நாடு போனேன். நாய்க்கு வயதாகிவிட்டது. பாய் உப்பு அறையைத் திறந்து காட்டினார். காசியம்மாவின் கோப்பு அங்கேயே இருந்தது; பத்தில் ஒன்பது வந்தது, ஒன்று பாக்கி. போன் உடைந்தே போயிற்று, அந்தத் துண்டு இனி எங்கிருந்து வரும், இதை மூடிவிடக்கூடாதா என்று கேட்டேன்.

“எங்கனா இருந்து வரட்டும்” என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, “பாக்கித் துண்டு வர்ற எடம் ஸ்கிரீன்ல வெறுமையா இருக்குது ரைட்டரே. ஒரு வரி எழுதிக் குடுங்களேன்” என்றார்.

நாற்பது எழுதியும் ஒன்றுகூட உப்பைத் தாண்டாதவன் நான்.  ‘இதுவரை வந்தது பத்திரமாக இருக்கிறது. மீதி எப்போது வந்தாலும் கதவு திறந்திருக்கும்’ என்று எழுதிக் கொடுத்தேன். பாய் வாசித்தார். சாவு வீட்டு முகம் வரவில்லை. உப்பு அறைக்கு அனுப்பாமல் நேராகத் திரையில் போட்டுக்கொண்டார்.

மூன்று மணி ஆயிற்று. மேகம் வந்தது. நான் எழுந்து போய் ஜன்னலை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அப்போதுதான் கவனித்தேன், நான் எழுதிக் கொடுத்தது பாயைப் பற்றி.